நடுவிலே ஓரெழுத்து

ஆயிலியம், முதலாம் பாதம்.
‘டி’யில் தொடங்கவேணும் என்று
ஐயர் துண்டில் எழுதித் தந்தார்.
‘டி’யில் என்ன இருக்கிறது எங்களிடம்?
டிப்பர். டின்பால். டிக்கெட்.
எங்கள் பக்கத்துப் பெடியளில் அரைவாசிப்பேர்
டிலக்சன் ஆனது இப்படித்தான்.
இவனும் ஆனான்.

ஒட்டுசுட்டான் கிளினிக்கில்
‘த. டிலக்சன்’ என்று மிஸ் கூப்பிட
இரண்டு தாய்மார் எழும்பினோம்.
மற்றவளின் மகனுக்குப் போடவேண்டிய ஊசி
என் மகனின் தொடைக்கு
ஒரு சாண் தூரத்தில் நின்றது.
அன்றைக்கே முடிவெடுத்தோம்
நடுவில் ஒரு பெயர் வேணும்.

தவசீலன், இவனின் தகப்பன்,
வாய்க்கால் கட்டில் நின்று
ஒவ்வொன்றாய்க் கத்திப் பார்த்தார்.
நீளமான பெயர்கள்
டிராக்டருக்கு இரண்டு பெட்டி கொழுவினதுபோல
வளைவில் திரும்பமாட்டேன் என்றன.
டொரொண்டோவிலிருந்து அவரின் சித்தப்பா மகன்
நாற்பது பெயர் அனுப்பினான்.
முப்பத்தொன்பதுக்கு எனக்குப் பொருள் தெரியாது,
மிச்சம் ஒன்று
எங்கள் கிராம அலுவலரின் பெயர்.

எனக்கு வேறொரு சோதனை இருந்தது.
ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
பன்னிரண்டு வயதில், முகாமில்,
தமிழ் தெரியாத ஒருவர்
ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்.
கிருசாந்தினி என்ற நான்
கம்பத்தில் அடிபட்டு மூன்றாய் உடைந்தேன்.
கிரி.
சாந்தி.
நீ.
சாந்தி என்றொருத்தி எழும்பிப் போய்
என் பால்மா டின்னை வாங்கிக்கொண்டாள்.
அவளிலும் பிழையில்லை.
எந்த வாயில் விழுந்தாலும்
உடையாத பெயராய் இருக்கவேணும்,
அவ்வளவுதான் என் சாத்திரம்.

கச்சான் உடைத்துக்கொண்டிருந்த இரவு,
தகரத்தில் மழை.
சுளகைப் பார்த்தபடியே இவர் சொன்னார்:
“நகுலேசன் எண்டு வைப்பமோ?
அண்ணான்ர பேரை.”

மச்சாளின் விரல் நின்றது.
நெற்றியில் பொட்டு,
இன்றைக்கும் வட்டம் பிசகாமல் வைத்தது.
ஒரு கோது பாதி திறந்தபடி.
“செத்த ஆக்கள்ர பேரைத்தானே தம்பி
பிள்ளையளுக்கு வைக்கிறது.”

பிறகு நெடுநேரம்
கோது உடையும் சத்தம் மட்டும்.
இவர் எழும்பிப்போய்
ஒழுகாத இடத்தில் வாளி வைத்தார்.

பாய் விரிக்கும்போது அவவே சொன்னா:
“எழுத்தை மட்டும் வையுங்கோ.
விரிவை
அவர் வந்து சொல்லட்டும்.”

பதிவு கந்தோரில் படிவத்தைத் திருப்பிய பிள்ளை
பேனையின் பின்பக்கத்தால் தட்டினா:
“ந எண்டா? முழுப்பேர் எழுதவேணும்.
புள்ளி வைச்சா எடுக்காது.”
பின்னால் வரிசை,
உர மானியத்துக்கு வந்து
பிழையான வரிசையில் நிற்கும் கிழவர் உட்பட.
இவர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
ந. ந. ந.
“நவன்” என்றேன்.

மனதுக்குள் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தேன்.
கம்பத்தில் அடித்தேன்.
உடையவில்லை.
தவசீலன் நவன் டிலக்சன்.
பரவாயில்லை, வளைவிலும் திரும்பும்.

மச்சாளுக்கு நாங்கள் சொல்லவில்லை.
அவவும் கேட்கவில்லை.
கிளினிக் அட்டையில் இருந்தது
த. ந. டிலக்சன்.
கச்சான் தோல் ஒட்டிய விரலால்
நடு எழுத்தைத் தொட்டா,
பிறகு புள்ளியைத் தொட்டா,
பிறகு அட்டை ஊத்தையாகும் என்று
பொலித்தீன் பையில் போட்டுத் தந்தா.

அடுத்த ஊசிக்கு
மச்சாளும் கூட வந்தா, குடை பிடிக்க.
அதே மிஸ். அதே வாங்கு.
பிள்ளை பால் கக்கி
என் தோளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம்
“த. ந.” என்று கூப்பிட்டு
மிஸ் மூச்சு வாங்கினா.

நான் எழும்ப முன்னம்
மச்சாள் எழும்பினா.