எட்டாவது நிமிடம்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கிடையாது.
இருந்த சிற்றாறுகளையும் ஆலைக்காரர்கள்
குழாய்க்குள் தள்ளித்
தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.
வூச் நகரத்தில் பிறந்தவளுக்குப்
பாவனை ஒன்றும் புதிதல்ல.

நூற்பாலை மூடிக் கலைக்கூடம் ஆனபின்
மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு நாற்காலி.
சட்டையில் பெயர் அட்டை: போக்னா.
"தொடாதீர்கள்" என்று சொல்வது வேலை.
இந்த நவம்பரில் என் காவலில்
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி,
அதன் விலாவில் கிரேயான் சிலுவை,
பஞ்சு பிதுங்கிய கரடி,
சுவரில் ஓடும் ஒரு படம்.

படத்தில் யாகோதா தரையில் கிடக்கிறாள்.
நாலு வயது கயேத்தான் டாக்டர்.
சூப் கரண்டியால் அவள் முழங்காலைத் தட்டுகிறான்.
"ராத்திரி முழுக்க
உங்கள் வயிற்றில் மழை பெய்திருக்கிறது" என்கிறான்.
பிளாஸ்திரி ஒட்டுகிறான்
நெற்றியில், புறங்கையில்,
கஞ்சி காய்ந்த சட்டையின் மேல்.
நோயாளி அசையக் கூடாது, அதுதான் ஆட்டம்.
பதினொரு நிமிடம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.
நாளைக்கு முப்பத்தெட்டு தடவை பார்க்கிறேன்.

"தாயுடல் தன்னை ஒப்புக்கொடுக்கும் நிகழ்த்துகலை"
என்கிறது சுவர்க்குறிப்பு.
கறுப்புக் கோட்டுக்காரர்கள் தலையசைத்துப் படிக்கிறார்கள்.
ஒருவர் இது மரணம் என்றார்.
இல்லை, நம் நாடு என்றார் கூட வந்தவர்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஏழாவது நிமிடத்தில்
அவள் வலக்கை விரல்கள் விரிகின்றன.
நடிக்கிறவளின் கை அப்படி விழாது.
நானும் இரவு டிராம் ஓட்டி
காலை ஆறுக்கு வீடு வந்து
மகளோடு செத்த சிங்கம் விளையாடியவள்.
என்னைப் போல் செத்த சிங்கம்
இந்த ஊரில் எவளும் நடித்ததில்லை.
குறட்டை வந்தால் அது சிங்கத்தின் ஆவி
என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.

எட்டாவது நிமிடத்தில் பையன் கரடியின் பக்கம் திரும்பி
உதட்டில் விரல் வைக்கிறான். உஷ்.
அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

இரண்டாம் ஞாயிறு யாகோதா வந்தாள்.
கூடவே பையன்; இப்போது ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
பெட்டியைப் பார்த்து "இவ்வளவு சின்னதா?" என்றான்.
உள்ளே நுழையப் பார்ப்பான் என்று
"தொடாதே"யை நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.
அவன் படத்தைப் பார்க்க நின்றுவிட்டான்.

"அம்மா, நீ தூங்குற."
"நடிச்சேன்டா."
"இல்ல, தூங்குற."
அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்,
கடையில் சில்லறை குறைந்துபோனவள் பார்ப்பதுபோல.
"உனக்கு எப்போ தெரிஞ்சது?"
"அப்பவே" என்றான், ஷூ நாடாவை இழுத்துக்கொண்டே.
"நீ நடிக்கிறதை நம்புற மாதிரி நானும் நடிச்சேன்.
கரடிதான் பேசிக்கிட்டே இருந்துச்சு."

அதற்குள் படம் முடிந்து முதலிலிருந்து தொடங்கிவிட்டது.
பையனுக்குப் பசி. கீழே ஆப்பிள் கேக் கிடைக்கும்.
படிக்கட்டில் கொஞ்ச நேரம்
அவர்கள் சத்தம் இருந்தது.

அன்று ராத்திரி க்தான்ஸ்கில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.
செத்த சிங்கம் ஞாபகம் இருக்கா என்றேன்.
"எந்தச் சிங்கம்?" என்றாள்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

சுவர்க்குறிப்பைத் திருத்தச் சொல்ல நான் யார்?
அது பாட்டுக்கு நிகழ்த்துகலை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.
நான் செய்வது இவ்வளவுதான்:
ஏழாவது நிமிடம் ஆனதும்
இடுப்பில் கரகரக்கும் வாக்கிடாக்கியை அணைக்கிறேன்.
ஈர பூட்ஸ் கிறீச்சிட வருகிறவர்களிடம்
உஷ் என்கிறேன்.