இரண்டு டிகிரி

மணலியில் நிலாவுக்கு வேலையில்லை.
ஃப்ளேரின் நெருப்பே போதும்
மீட்டர் படிக்க.

இருநூறு லிட்டர் தண்ணீர்,
எண்ணூறு கிராம் அலுமினாத் தூள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஈராயிரம் துகள்கள் தோளோடு தோள் நிற்கலாம்,
காலை எட்டரை ரயிலில்
கொருக்குப்பேட்டையில் ஏறியவர்கள் போல.

"கடல்ல கரைச்ச பெருங்காயம் மேடம்"
என்றார் பம்ப் ஆபரேட்டர் நூருல்லா.

கரையக் கூடாது நூருல்லா.
கரையவும் கூடாது, படியவும் கூடாது,
நடுவில் அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.
ஷிப்ட் எஞ்சினியர் மாதிரி.

நான்கு மணி நேரம் ஒலியால் அடித்தோம்.
காதுக்குக் கேட்காத ஒலி;
நூருல்லாவுக்குப் பல் கூசியது.
தண்ணீர் நீர்மோர் ஆனது.

ஷெல்லுக்குள் கொதிக்கிற எண்ணெய்,
குழாய்க்குள் எங்கள் மோர்,
இடையில் இரண்டு மில்லிமீட்டர் செம்பு.
ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.
ஆனாலும் சூடு வந்துவிடுகிறது,
எர்ணாவூர் ஹவுசிங் போர்டில்
பக்கத்து வீட்டுச் சண்டை வருவது போல.

வெறும் தண்ணீர் ஓடிய நேற்று
எண்ணெய் அறுபத்தொன்றில் வெளியே வந்தது.
இன்று ஐம்பத்தொன்பது.

நான் கத்திய கத்தலில்
கன்ட்ரோல் ரூம் பூனை எழுந்து
வேறு நாற்காலிக்குப் போனது.

நூருல்லா எதுவும் சொல்லாமல்
ஆம்பியர் முள்ளைக் காட்டினார்.
"தண்ணி கனத்துடுச்சு. பம்பு மூச்சு வாங்குது.
வரவு சொன்னீங்க, செலவையும் எழுதுங்க."
எழுதினேன். கழித்தேன்.
மிச்சம் இருந்தது,
சீவிச் சீவித் தேய்ந்த பென்சில் அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பராணியைப் பார்த்தேன்.
பத்தாவது வரை ஒரே பெஞ்ச்.
இப்போது எண்ணூர்க் கழிமுகத்தில்
இடுப்பளவு நீரில் உட்கார்ந்து
சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறாள்,
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு.
கரைக்கு வந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.
பறியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு டிகிரி எடுத்தேன்றியே,
எடுத்து எங்க வெச்சே?"

எண்ணெயிடமிருந்து மோருக்கு,
மோரிடமிருந்து கூலிங் டவருக்கு,
அங்கிருந்து...
வரைபடத்தில் அந்த இடத்தில்
ஒரு அம்புக்குறி மட்டும் போட்டிருந்தோம்.
அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்
அவள் கால் விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

"தண்ணி இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கு"
என்றாள், குறையாகக்கூட இல்லை.
அது அனல்மின் நிலையத்தின் தண்ணீர்,
எங்களுடையது அல்ல என்று
விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன்.
நான்கு இறால் கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை வடிகுழாயைத் திறந்தால்
வெள்ளையாக, கெட்டியாக, வடித்த கஞ்சி.
ஞாயிறு லீவில்
எல்லாத் துகளும் அடியில் போய்ப் படுத்துவிட்டன.
இதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் உண்டு:
படிவு, அழுத்தம், பாகுநிலை, தேய்மானம்.
புஷ்பராணி கேட்டதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
ஆடிட்டில் அழித்துவிடச் சொல்வார்கள்.

ஒலிப்பெட்டியை மறுபடி போட்டேன்.
நூருல்லா
பல்லைக் கடித்துக்கொண்டார்.