ஒன்பது கிலோ முந்நூறு

பெல்ற்றைக் கழற்றிய மூன்றாம் நாள்
பரந்தன் சந்தியில் ஒரு வளைவு எடுக்க
இரண்டு தோளையும் கேட்டது கார்.
பின்னால் பஸ் ஹோன் அடித்தது.
"ஓடத் தெரியாட்டி இறங்கும், தங்கச்சி."
பக்கத்துச் சீற்றில் என் ஹெல்மற்
ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

சசிகரன் சொன்னான்:
பெல்ற்றை எடுத்தது பாதி வேலை, கிருபா.
றாக்குக்குள்ளை ஒயில் இன்னும் கிடக்கு.
நீ திருப்பத் திருப்ப அது
அங்காலையிருந்து இங்காலை ஓட வழி தேடும்.
அதுதான் இந்தப் பாரம்.
உள்ளுக்கு ஒரு சீல் இருக்கு. வெட்டினால் லேசாகும்.
வெட்டினால் பிறகு ஒட்டாது.

பம், அதன் தாங்கி, இரண்டு ஹோஸ், ஒயில் டப்பா,
எல்லாவற்றையும் உரப்பையில் கட்டி
அருட்சோதியின் நெல்லு மில்லில் நிறுத்துப் பார்த்தோம்.
ஒன்பது கிலோ முந்நூறு.
"இதுக்கோ இவ்வளவு கதை?
இஞ்சை எலி தின்னுறதே இதைவிடக் கூட."
எங்கள் ரயருக்குக் காசு போட்டவர்.
சிரிக்கட்டும்.

ஒலுமடுவுக்கு அப்பால்
கிறவல் அள்ளி முடித்துக் கைவிட்ட வெளி.
ஒற்றைப் பாலை மரத்தைச் சுற்றித் திரும்பும் பாதை.
பவர் இருந்த காலத்தில்
ஸ்டீரிங் எல்லாவற்றுக்கும் ஓம் என்றது.
இடது? ஓம். இன்னும் கொஞ்சம்? ஓம், ஓம்.
முன்சில்லுகள் பிடிவிட்டு வழுக்கும்போதும்
அதே ஓம்,
கடன் கேட்டு வந்தவன்போல.

இப்போது அது பேசுகிறது.
இந்தக் கல் உருண்டை. இது கூர்.
இவ்விடத்தில் நேற்றைய மழை இன்னும் காயவில்லை.
சில்லு வழுக்கப்போகும் அரைக்கணம் முன்
பாரம் சட்டென்று குறைந்து
உள்ளங்கை வெறுமையாகிறது.
கிணற்றுக்குள் வாளி அறுந்தால்
கயிறு சொல்லும் சேதி.

ஆனால் உதைக்கவும் செய்கிறது.
என் வலது பெருவிரல் கோணல்.
பதினேழு வயதில், முத்தையன்கட்டில்,
பழைய ரக்ரர் ஒன்று வரம்பேறி
ஸ்டீரிங்கைச் சுழற்றி எறிந்ததில் வந்தது.
அன்றிலிருந்து பெருவிரலை
வளையத்துக்கு உள்ளே விடமாட்டேன்.
சோற்றுக் கரண்டியைக்கூட
அப்படித்தான் பிடிக்கிறேனாம். அம்மா சொல்வாள்.

சசிகரன் நேரம் குறித்தது
பிஸ்கற் பெட்டி மட்டையில்.
முதல் நாலு சுற்றும் முன்னையைவிட ஒரு செக்கன் குறைவு.
ஐந்து, ஆறு, சமன்.
ஏழிலிருந்து எழுத்து சின்னதாகிக்கொண்டு போகிறது.
எனக்கு நோகக்கூடாதென்று
கெட்ட எண்களைச் சின்னதாய் எழுதுவான்.
பன்னிரண்டைக் காணவில்லை.
அந்தச் சுற்றில் நான்
பாலையடி வளைவை விட்டுப் பற்றைக்குள் நின்றேன்.
போட்டி பதினைந்து சுற்று.

"எலெக்ட்ரிக் பம் ஒண்டு போடுவமோ?
கொழும்பில எடுக்கலாம்."
"அதுவும் ஓம் எண்டுதானே சொல்லும்?"
அவன் பேசவில்லை.

இரவு, கராஜில்,
இடுக்கியில் பூட்டிய றாக்கிலிருந்து
சிவந்த ஒயில் சொட்டியது.
என் கையில் பிளேன்ரீ கிளாஸ்
தன்பாட்டில் ஆடியது.
இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதும் ஆடியது.
அவன் அதைப் பார்த்தான்; பார்க்காததுபோலக் கேட்டான்:
"வெட்டவோ? இனிப் பம் எங்கை?"
தோளுக்குக் கீழே தட்டிக் காட்டினேன்.
"அந்தப் பாட் இன்னும் வரேல்லையே."
"மூண்டு மாசம் இருக்கு. வெட்டு."

வெட்டினான்.
கறுத்த வளையம்;
குழந்தையின் காப்பு அளவுகூட இல்லை.
அதைக் கழுவி
அந்த மட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டினான்.

விடிய ஆறு மணிக்கு
மில் வாசலில் நின்று கேட்டேன்:
அண்ணை, லொறிக்கு மூட்டை ஏத்த
ஆள் குறைவெண்டு சொன்னியள்.
அருட்சோதி என்னைப் பார்த்தார்,
தராசைப் பார்த்தார்.
இம்முறை சிரிக்கவில்லை.
"நாட்கூலிதான் தருவன்," என்றார்.