தொண்டிமுதல்

சித்தூர்க் கோர்ட்டில் டைப்பிஸ்ட் நான்.
அன்று தொண்டிமுதல் ஏலம்.
மணல் கடத்திய டயர்வண்டி போயிற்று,
இரண்டு சைக்கிள் போயிற்று,
கடைசியில் கூடையைத் திறந்தார்கள்:
ராக்கியண்ணனின் செங்கீரிச் சேவல்.
பதினொரு நாள் ஸ்டேஷன் அரிசி தின்று
எஸ்.ஐ.யின் தொப்பிமேல் எச்சமிட்ட சேவல்.

கொழிஞ்சாம்பாறையில் ஒருதடவை
வார்டு மெம்பராக இருந்தவர் ராக்கியண்ணன்.
அபராதம் கட்டிய ரசீது சட்டைப்பையில்.
சொந்தச் சேவலுக்குக் கை தூக்க வேண்டும்.
ஐந்நூறு என்றார் ஆமீன்.
கை வேட்டி மடிப்பிலேயே இருந்தது.
ஆயிரத்து நானூறில் ஒருமுறை எழுந்தது,
காது வரைக்கும்.
மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்தார்
வேலந்தாவளம் செல்லாண்டி.
களத்தில் அன்று எதிரே நின்றவர்,
தன் சேவலை அங்கேயே பறிகொடுத்தவர்.

சேவல் அவர் கைக்கு அடங்கவில்லை.
ஆமீன் புறங்கையில் ஒரு கொத்து, ரத்தம்.
மாஜிஸ்ட்ரேட் கடிகாரம் பார்த்தார்.
ராக்கியண்ணன்தான் போனார்.
குந்தி உட்கார்ந்து, த்தா த்தா என்று கூப்பிட்டு,
கால்களைச் சணலால் கட்டி,
செல்லாண்டியிடம் நீட்டினார்.
‘ராத்திரி கம்பு ஊற வெச்சுக் குடுங்’ என்றார்.

மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் நான்கு வரி.
மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.
‘என்னையப் பத்தி ஒரு வார்த்தை போட்டிருக்கானாமா,
என்னம்மிணி அது?’

கிரெஸ்ட்ஃபாலன்.
அகராதியில்: மனமுடைந்த, செருக்கழிந்த.
அவர் முகத்துக்கு நேரே வாய் வரவில்லை.
சொல்லை இரண்டாகப் பிட்டேன்.
முன்பாதி கொண்டை, பின்பாதி சாய்ந்தது.
தோற்ற சேவலின் கொண்டை தொங்கிப்போகுமாம்,
அதிலிருந்துதான் மனுஷருக்கு வந்ததாம், என்றேன்.
டெபாசிட் போன வேட்பாளருக்குச் சொல்லலாம்,
பெண் பார்த்துவிட்டு
பதில் வராத மாப்பிள்ளைக்குச் சொல்லலாம்.
அழுகைக்கு ஒரு படி முன்னால் நிற்கிற சொல்.

யோசித்தார்.
‘எழுதுனவன் களத்துப் பக்கமே வந்ததில்லீங்.
சண்டைச் சாவலுக்கு ஏதுங் கொண்டை?
எதிராளி கவ்விப் புடிச்சுருவான்னு
சின்னதுலயே அறுத்து மஞ்சள் வெச்சுருவோம்.
சாயறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது.’

சிரித்தார். அல்லது
பல் தெரிந்தது, அவ்வளவுதான்.
பேப்பரை என் மேசையிலேயே விட்டுவிட்டு
படியிறங்கியவர்
நடுப்படியில் நின்று
நரைத்த முடியை ஒருமுறை தடவிக்கொண்டார்,
முன்னிருந்து பின்னாக,
உள்ளங்கையால்.