‘கு’ எழுத்தில் ஒரு பெயர்

திருவாதிரை. பிள்ளைக்குக் ‘கு’வில் பெயர் வேணும் என்று
பாரிஸிலிருந்து அண்ணன் கேட்டபோது
குமுதா, குந்தவி, குகப்பிரியா என்று
ஒரு கொப்பித் தாள் நிறைய எழுதி
படம் பிடித்து அனுப்பினேன்.
அவன் வைத்தது குளோதின்.
அங்கத்தைய வாய்களுக்குச் சறுக்காமல் வரவேணுமாம்.
ஒட்டுசுட்டான் அதைக் குலோதினி ஆக்கி
பத்மினி, நளினிக்குப் பக்கத்தில்
இருக்க இடம் கொடுத்தது.

ஒன்பது வயதில் வந்தாள்.
குளவிக்குப் பயம், கிணற்றுக்குப் பயம்.
என் காலில் கண்ணை வைப்பாள்,
எடுப்பாள், திரும்ப வைப்பாள்.

மூன்றாம் இரவு நுளம்பு வலைக்குள்ளிருந்து:
“மாமி, என்ர பேருக்கு ஒரு கருத்து இருக்கு.”
அவரவர் பெயரை அகராதியில் தேடும்படி
பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.
ஒருத்திக்கு வெளிச்சம் வந்தது. ஒருத்திக்கு முத்து.
இவளுக்கு ரோமாபுரியில் ஏதோ பழங்குடும்பம்,
அதற்கும் அடியில் தோண்ட
லத்தீனில் ஒற்றைச் சொல்:
நொண்டி.
வகுப்பே சிரித்ததாம்.
“அப்பா தெரிஞ்சோ வைச்சவர்?”

தெரிந்திருக்காது.
அந்தத் தாளை நான் எழுதியது
வவுனியா ஆஸ்பத்திரிக் கட்டிலில்,
மாடு அவிழ்க்கப் போன காலையிலிருந்து
பதினோராம் நாள்.
பிள்ளை பிறந்த வீட்டுக்கு
மிதிவெடிக் கதை எதற்கு என்று
சொல்லாமல் விட்டிருந்தேன்.
குரல் ஏன் ஒரு மாதிரி என்று கேட்டான்.
தடிமன் என்றேன்.

அவளிடமும் அதைச் சொல்லவில்லை.
முறிகண்டியைச் சொன்னேன்.
வரும் வழியில் இறங்கிக் கச்சான் வாங்கினாயே,
அங்கே இருக்கிறவரும் கொம்பு முறிந்தவர்தான்.
அவரைத் தாண்டி ஒரு பஸ்ஸும் சும்மா போகாது.
“அவர் பிடிச்சு வைச்சிருக்கிறாரா?”
கச்சான் விற்கிறவையைக் கேள்.
சிரித்தாள். பிறகு கனநேரம்
வலைக்குள் நித்திரை இல்லாத மூச்சு.

விடிய எழும்பிக் காலை மாட்டப் போனால்
சுவரில் சாய்ந்திருந்த அதன் கெண்டைப் பக்கம்
நீலப் பேனையில், அவளின்ர பிரெஞ்சு எழுத்தில்,
குளோதின்.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
வளைந்து கீழே இறங்கியிருந்தது.
கோபத்தில் எழுதினாளோ, தந்துவிட்டுப் போனாளோ,
நான் கேட்கவில்லை.

மாரி தொடங்கப் பட்டி இளகிவிட்டது.
கிளிநொச்சியில் கால் பார்க்கிற பெடியன்
ஸ்பிரிட் நனைத்த துணியோடு குனிந்தான்.
“ஆரக்கா இது, முந்திப் போட்ட ஆளோ?”
இல்லையடா,
காலின்ர பேர்.
துடையாதை.