பார் மட்டும்

சத்துவாச்சாரி. காலை ஐந்தரை.
ஷட்டர் இன்னும் பாதிதான் ஏறுகிறது.
குனிந்து நுழைகையில் இடது முட்டி
ஏதோ முணுமுணுத்தது.
நான் பதில் பேசவில்லை.

பதினாறு மாதம்.
ஒவ்வொரு செவ்வாயும் பாகாயத்தில் பெனிட்டா
இரண்டு தொடையையும் நாடாவால் சுற்றி அளந்து
வித்தியாசத்தைப் பென்சிலில் எழுதுவாள்.
நான்கு சென்டிமீட்டர். மூன்றரை. மறுபடி நான்கு.
அழித்து அழித்தே
ஓட்டை விழுந்த தாள் அது.

சாக் பவுடர் டப்பாவில்
யாரோ கோலமாவு கலந்திருக்கிறார்கள்.
என் ஷூ அலமாரியில் இல்லை,
யாமினி காலில்.
"அக்கா, நீங்க இனி வரமாட்டீங்கன்னு…"
வாரை அவிழ்க்கக் குனிந்தவளிடம்
இருக்கட்டும் என்றேன்.
இருக்கட்டும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் பாரில் அறுபத்தைந்து கிலோ.
என் பாரில்
பார் மட்டும்.

விரல்கள் தாமாக
பழைய இடைவெளிக்கு நகர்ந்தன,
கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டன,
தொண்ணூற்றிரண்டு காத்திருப்பதுபோல.
தோளில் ஏற்றி உட்கார்ந்தேன்.
அன்று 'டப்' என்று கேட்டதே
அந்த ஆழம் வந்தது.
அங்கேயே நின்றேன்.
மூச்சு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

வெளியே பெங்களூர் ரோட்டில்
லோடு லாரி ஒன்று
முக்கி முனகி கியர் மாற்றியது.
அதோடு சேர்ந்து எழுந்துவிட்டேன்.

எட்டுத் தரம்.
இறக்கிவைத்தபோது வெறும் பார்
டிங் என்றது, டம்ளர் மாதிரி.
யாமினி திரும்பிப் பார்க்கவில்லை.
அதற்காகவே ஷூவை மன்னித்தேன், பாதி.

பஸ் நிற்காமல் மெதுவாக ஊர்ந்தது.
தாவிப் பிடித்து,
டிக்கெட் வாங்கி,
சில்லறையை எண்ணும்போதுதான் உறைத்தது:
படியில் முதலில் வைத்தது
இடது கால்.