நாற்பத்தொன்று-பி

தூரின் நகரத்தின் மேற்கோரத்தில்
ஜன்னலே இல்லாத வெள்ளை அறை.
உள்ளே போகுமுன் ஒர்தென்சியா
மோதிரத்தைக் கழற்றுகிறாள், கண்மையை அழிக்கிறாள்.
ஒரு கையுறை, அதன்மேல் இன்னொன்று.
தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும்.
ஓடினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஆறு சக்கரம், ஒரு துளைக்கோல்,
நீண்ட கழுத்தின்மேல் இரண்டு கண்ணாடிக் குமிழ்.
உயிர் தேடப் போகிற வண்டி.
இங்கிருந்து ஓர் உயிரும் அதில் தொற்றிக்கொண்டு போகக் கூடாது.
அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பஞ்சுக்குச்சியால் சாண் சாணாகத் துடைத்து,
குச்சியை நீரில் குலுக்கி,
எண்பது பாகையில் கால்மணி நேரம் சுடவைத்து,
எது சாகாமல் மிஞ்சுகிறதோ
அதற்குக் கிண்ணத்தில் சோறு போட்டு
மூன்று நாள் காத்திருப்பாள்.
வெறும் கிண்ணம் என்றால் கையெழுத்து.
புள்ளி விழுந்தால் மறுபடி பஞ்சு.

வீட்டில் எவாசியோ ரொட்டி சுடுகிறவன்.
அவனுடைய ஜாடியில் பன்னிரண்டு வருஷத்துப் புளிமா
மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைக்கும்.
"உன் வண்டியில் இதில் ஒரு ஸ்பூன் வைத்துவிடு,
தேடுகிற சிரமம் மிச்சம்" என்பான்.
அவள் சிரிக்க மாட்டாள்.
வேலை நாட்களில் அவள் மாவைத் தொடுவதில்லை.
சில மாதங்கள், அவனையும்.

ஏவப் பத்து வாரம் இருக்கையில்
மூன்றாம் சக்கரத்தின் உட்புறம்
ஒரு புள்ளி.
துடைத்தாள். வந்தது.
ஆல்கஹாலில் துடைத்தாள். வந்தது.
ஆவி பிடித்தாள்.
வந்தது, கொஞ்சம் குட்டையாக,
கோபித்துக்கொண்டதுபோல ஓரம் சுருங்கி.
பதிவேட்டில் அதன் பெயர் நாற்பத்தொன்று-பி.
வாய்க்குள் அவள் வேறு பெயர் சொன்னாள்.
ஐந்தாம் முறை கிண்ணம் வெறுமையாக வந்தது.
கையெழுத்துப் போட்ட பிறகும்
வெகுநேரம் பேனா மூடாமல் கிடந்தது.

விதிப்படி ஒரு துளியை
மைனஸ் எண்பதில் உறையவைத்தாள்.

வண்டி போய் இறங்கியது.
கட்டுப்பாட்டு அறை அந்தக் கிரகத்து நாளுக்கு மாறியது.
தினமும் நாற்பது நிமிஷம் பிந்தி விடிகிற நாள்.
தான்க்ரேதி நள்ளிரவில் காலைக் காப்பி குடித்தான்,
பட்டப்பகலில் "குட் நைட்" சொன்னான்.
பள்ளிக்கூடத்தில் அவன் மகள்
அப்பா வேறு ஊரில் இருப்பதாகச் சொல்லிவைத்தாள்.

கிழமைக்குக் கிரகத்தின் பெயரை வைத்தது
அவர்கள் மொழியும்தான், நம் மொழியும்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை
செவ்வாயைத் துளைத்தார்கள், இரண்டு மீட்டர்.
செவ்வாயோ வெறும் வாயோ.
பதில் வந்து சேரப் பதினாறு நிமிஷம்.

வரைபடத்தில் ஒரு முள் எழுந்தது.
நெத்திலி முள் அளவு.
அறையே எழுந்து நின்றது.
யாரோ அழுதார்கள். யாரோ
தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டார்கள்.
அந்த இருட்டில் தான்க்ரேதியின் குரல்:
"நம்முடையதாக இருந்தால்?"

போன் அடித்தபோது ஒர்தென்சியா
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

உறைபெட்டியிலிருந்து எடுத்தாள்.
எட்டு வருஷத் தூக்கம்.
கிண்ணத்தில் சோறு போட்டாள்.
மறுநாளே விழித்துக்கொண்டது,
அதே குட்டை, அதே சுருங்கிய ஓரம்.
தன்னுடையதாக இருந்தால் வேலை போகும்.
இருந்துவிட்டால்,
அந்தக் குளிரில், அந்தக் காற்றில்லாத இடத்தில்,
அத்தனை துடைப்புக்கும் தப்பி...
மேற்கொண்டு நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.
பயத்தில் பாதி ஆசை.

ஒப்பிட்டார்கள். ஒத்துவரவில்லை.
பக்கத்தில் இன்னொரு துளை போட்டார்கள்.
முள் இல்லை.
மூன்றாவதில் கோல் பாறையில் சிக்கிக்கொண்டது.
அறிக்கையின் கடைசி வரி:
"தீர்மானிக்க இயலவில்லை."
தான்க்ரேதி பூமி நேரத்துக்குத் திரும்பி
பகலில் விழித்திருக்கப் பழகினான்.

ஒரு படிவம் மட்டும் பாக்கி.
மாதிரி அழிக்கப்பட்டதா? ஆம், இல்லை.
கொதிகலனைச் சூடேற்றிவிட்டு
கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.
மூடியின் உட்பக்கம் வேர்த்திருந்தது.

அன்றைக்கும் செவ்வாய்.
செவ்வாயும் அதுவுமாக
வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுப்பதில்லை நம்மவர்கள்.
அதெல்லாம் அவளுக்குத் தெரிய நியாயமில்லை.
இருந்தாலும்
புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று
திரும்ப உள்ளே வைத்தாள்.